இதய வார்டில் முதல் சில வாரங்கள்: புதிதாகச் சேர்ந்த செவிலியருக்கு

இதய வார்டில் போஸ்டிங் என்று தெரிந்ததும் புதிதாகச் சேர்ந்த பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. மானிட்டர்கள் மாறி மாறிக் கத்தும், சிரிஞ்ச் பம்ப்புகள் வரிசையாக நிற்கும், திடீரென்று ஒரு கட்டிலைச் சுற்றி எல்லோரும் ஓடுவார்கள். படித்ததெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோன மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பல வருடம் இந்த வார்டில் நின்ற பிறகு, முதல் வாரமே யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியவற்றை, டியூட்டியில் வேலை வரும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

இதய நோயாளிகளில் பலர் ஒரே நிமிடத்தில் மோசமாவதில்லை. சில மணி நேரத்துக்கு முன்பே, சில சமயம் இரண்டு மூன்று நாளுக்கு முன்பே உடம்பு சொல்ல ஆரம்பித்துவிடும். எடை ஏறும், சிறுநீர் குறையும், ஒரு தலையணையில் தூங்கியவர் இரண்டு கேட்பார். இதையெல்லாம் பார்க்கிற இடத்தில் நாள் முழுக்க இருப்பது செவிலியர்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் அந்த ஐந்து நிமிடத்தில் தெரியாத மாற்றம் நமக்குத் தெரியும். கீழே வரும் மருந்து அளவுகள் விஷயம் புரிவதற்காகச் சொல்பவை. கொடுக்கும்போது டாக்டரின் ஆர்டரும் உங்கள் மருத்துவமனையின் நடைமுறையும்தான் முடிவு.

டியூட்டி ஏற்கும்போது

ஹேண்ட் ஓவரைக் கட்டிலருகே நின்று வாங்குங்கள். நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து வாங்கினால் பாதி விஷயம் விட்டுப்போகும். கேனுலா போட்ட இடம் சிவந்திருக்கிறதா, ஆஞ்சியோ முடிந்தவரின் கட்டு நனைந்திருக்கிறதா, சிறுநீர்ப் பையில் எவ்வளவு இருக்கிறது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

பம்ப்பில் மருந்து ஓடினால், மருந்தின் பெயர், எத்தனை மில்லியில் எவ்வளவு கலந்திருக்கிறது, மணிக்கு எத்தனை மில்லி போகிறது என்ற மூன்றையும் லேபிளைப் பார்த்துச் சரிபாருங்கள். நார்அட்ரினலின் ஓடுகிறதென்றால் சிரிஞ்சில் மீதி எவ்வளவு என்று பார்த்து, அடுத்த சிரிஞ்சை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுங்கள். அந்த மருந்து நின்ற ஓரிரு நிமிடத்தில் பிபி சரிந்துவிடும். சிரிஞ்ச் தீர்ந்து அலாரம் அடித்த பிறகு மருந்தைத் தேடி ஓடினால் காலம் கடந்துவிடும்.

அப்புறம் எமர்ஜென்சி டிராலி. இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் சார்ஜில் இருக்கிறதா, ஜெல்லும் பேப்பரும் இருக்கிறதா, லாரிங்கோஸ்கோப் பல்ப் எரிகிறதா, சக்ஷன் இழுக்கிறதா என்று தினமும் கையால் தொட்டுப் பாருங்கள். போன ஷிஃப்ட்டில் பார்த்திருப்பார்கள் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

மானிட்டருக்கு முன்னால் ஆளைப் பாருங்கள்

"ஐயா, ராத்திரி தூக்கம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போதே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்கிறாரா, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறாரா? நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்கிறாரா? ராத்திரி இரண்டு மணிக்குத் திணறி எழுந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன் என்று ஒருவர் சொன்னால், அதைத் தூக்கம் வராத கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயத்தின் இடது பக்கம் பளு தாங்காமல் நுரையீரலில் நீர் தேங்குவதற்கு அது தெளிவான அடையாளம். எத்தனை தலையணை வைத்துத் தூங்கினார் என்று எண்ணிக்கையாகவே எழுதுங்கள்.

கையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று வியர்த்திருக்கும் கை, பிபி எண் நன்றாக இருந்தாலும், உடம்புக்கு ரத்தம் போதவில்லை என்று சொல்லலாம். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது விரலை வைத்துச் சில வினாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்தால் நீர் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காலில் வீக்கம் தெரியாமல் போகலாம். நீர் கீழ்ப்பக்கம் இறங்கி இடுப்புக்குப் பின்னால், முதுகின் அடியில் நிற்கும். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது அங்கேயும் அழுத்திப் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஒழுங்கான நாடிக்குத்தான் சரிவரும். இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கு ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒருவர் எண்ண, அதே நிமிடம் இன்னொருவர் மணிக்கட்டில் எண்ண வேண்டும். நெஞ்சில் 110, கையில் 84 என்றால், 26 துடிப்புகள் கைக்கு வந்து சேரவே இல்லை. இந்த வித்தியாசத்தையும் எழுதி வையுங்கள். இவர்களுக்குத் தானியங்கி பிபி கருவி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டும். கையால் பார்ப்பதே நம்பகம்.

மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லாமல் எண்ணுங்கள். சொன்னால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார். நாடி பிடித்த கையை விடாமல், பார்வையை மட்டும் நெஞ்சுக்கு மாற்றினால் போதும்.

வயதானவர் நேற்று வரை பேரன் பெயர் சொல்லிப் பேசிவிட்டு, இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்கு ரத்தம் குறைந்தாலும், ஆக்சிஜன் இறங்கினாலும், சோடியம் குறைந்தாலும் முதலில் தெரிவது குழப்பமாகத்தான் இருக்கும்.

மானிட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. எலக்ட்ரோடு ஒட்டுவதற்கு முன் வியர்வையைத் துடையுங்கள், முடி இருந்தால் எடுங்கள். நோயாளி பல் தேய்த்தால்கூடத் திரையில் பயங்கரமான அலை வரும்; லீட் கழன்றால் நேர்கோடு வரும். எதிர்ப்பக்கமும் உண்டு: திரையில் அழகான அலை ஓடும், ஆளுக்கு நாடியே இருக்காது. அதனால் அலாரம் அடித்தால் கை முதலில் போக வேண்டிய இடம் நோயாளியின் நாடி. அலாரத்தை நிரந்தரமாக அணைத்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து நீங்கள் அதைப் பழகாதீர்கள். எல்லையை நோயாளிக்கு ஏற்ப மாற்றி வைத்தால் வீண் சத்தம் தானாகக் குறையும்.

"சிஸ்டர், கேஸ் மாதிரி இருக்கு"

நம் ஊரில் மாரடைப்புக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் கேஸ். சோடா குடித்துப் பார்ப்பார்கள், ஓமத் தண்ணீர் குடிப்பார்கள், வார்டில் இருந்தால் நம்மிடம் ஜெலுசில் கேட்பார்கள். கைவைத்தியத்தில் கரைந்த இரண்டு மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுபவர் ஒருவர் என்றால், தாடை வலி, இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் அழுத்தம், மேல் வயிற்றில் எரிச்சல், காரணமில்லாத வியர்வை, வாந்தி, கால் எடுத்து வைக்க முடியாத களைப்பு என்று வருபவர்கள் எத்தனையோ பேர். குறிப்பாகப் பெண்களும் முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும். சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்திருந்தால் வலியே தெரியாமல் மூச்சிரைப்பு மட்டும் இருக்கலாம். நான் வைத்துக்கொண்ட விதி எளிது: தாடை முதல் தொப்புள் வரை புதிதாக எந்தத் தொந்தரவு சொன்னாலும் முதலில் ஈசிஜி, பிறகுதான் ஜெலுசில்.

நோயாளி சொன்ன நேரத்திலிருந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் கண்ணில் பட வேண்டும். நடக்க விடாதீர்கள், பாத்ரூம் போக விடாதீர்கள். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்து, பக்கத்தில் இருப்பவரை உதவிக்குக் கூப்பிடுங்கள். தனியாகச் சமாளிக்க வேண்டாம்.

ஈசிஜி லீட் வைப்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் விரலால் எண்ணிச் செய்யுங்கள். தொண்டைக் குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை இறக்கிக்கொண்டே வந்தால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அந்த மேட்டுக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள இடைவெளி இரண்டாவது. அங்கிருந்து எண்ணி நான்காவது இடைவெளியில், மார்பெலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேராக இறங்கும் கோட்டில் வி4. வி2க்கும் வி4க்கும் நடுவில் வி3. வி4இன் மட்டத்திலேயே அக்குளின் முன் மடிப்புக்கு நேராக வி5, அக்குளின் நடுவுக்கு நேராக வி6. பெண்களுக்கு மார்பகத்தை மெதுவாக உயர்த்தி அதன் அடியில் வையுங்கள்; திரையை இழுத்து மூடி, "அம்மா, இப்படி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கூச்சப்பட்டு லீட்டை மேலே வைத்தால் இல்லாத நோயைக் காட்டும், இருக்கும் நோயை மறைக்கும். கை கால் வயர்களில், நம்மிடம் பரவலாக இருக்கும் மெஷின்களில், சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால்.

தாளில் பெயர், தேதி, நேரம், "வலி இருக்கும்போது எடுத்தது" என்று எழுதுங்கள். அந்தக் கடைசிக் குறிப்பு டாக்டருக்குப் பெரிய உதவி. முதல் ஈசிஜி சரியாக இருந்து வலி தொடர்ந்தால், 15 முதல் 30 நிமிடத்தில் திரும்ப எடுக்க வேண்டும். பழைய ஈசிஜி இருந்தால் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஆக்சிஜன் எல்லோருக்கும் தேவையில்லை. அளவு 90க்குக் கீழே இருந்தாலோ மூச்சுத் திணறல் இருந்தாலோ போடுங்கள். ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கச் சொன்னால், வைப்பதற்கு முன் பிபி பாருங்கள். மேல் எண் 90க்குக் கீழே என்றால் வைக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை கடந்த இரண்டு நாளில் போட்டாரா என்று ஆண்களைத் தனியாகக் கேளுங்கள், உறவினர் முன்னால் கேட்டால் உண்மை வராது. இரண்டும் சேர்ந்தால் பிபி அதலபாதாளத்துக்குப் போகும். இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் மாரடைப்பு என்றால் வலது பக்க லீட்டும் எடுக்கச் சொல்வார்கள். வலது கீழறை பாதிக்கப்பட்டவருக்கும் சார்பிட்ரேட் ஆபத்து.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ரெஃபரல் சீட்டைப் படிக்காமல் இங்கேயும் அதே டோஸைத் திரும்பக் கொடுத்துவிடக் கூடாது. சீட்டைப் படியுங்கள், கூட வந்தவரையும் கேளுங்கள்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதாக இருந்தால் தசை ஊசி எதுவும் போடாதீர்கள். முன்பு மூளையில் ரத்தக்கசிவு, சமீபத்தில் பக்கவாதம், ஆபரேஷன், தலையில் அடி, கறுப்பாக மலம் போனது, முன்பு ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டது, இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் வழக்கமாக 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்துக்குள் ஓடும். ஓடும்போது பிபி இறங்குவது சகஜம். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். டெனெக்டிப்ளேஸ் என்றால் எடையைப் பொறுத்து ஒரே ஊசி, அதனால் எடை சரியாகத் தெரிய வேண்டும். போட்ட பிறகு நோயாளியிடம் பேசிக்கொண்டே இருங்கள். பேச்சு குழறுகிறதா, கை ஒரு பக்கம் தளர்கிறதா, திடீர் தலைவலி, வாந்தி என்கிறாரா? மூளையில் கசிவு இப்படித்தான் ஆரம்பிக்கும். 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி ஈசிஜி எடுங்கள். முதல் ஈசிஜியில் உயர்ந்திருந்த எஸ்.டி. என்ற கோட்டுப் பகுதி பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் அடைபட்ட ரத்தக்குழாய் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆஞ்சியோ முடிந்து வந்தவர்

மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால் வேலை குறைவு: பட்டையை நடைமுறைப்படி மெல்லத் தளர்த்த வேண்டும், விரல்களின் நிறத்தையும் சூட்டையும் பார்க்க வேண்டும். தொடை வழியாக என்றால் காலை மடக்காமல் நேராக வைத்துப் படுத்திருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கட்டு, பாதத்தின் நாடி, பாதத்தின் சூடு, பிபி பாருங்கள். கட்டின் மேல்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். ரத்தம் தொடை வழியாக வழிந்து இடுப்புக்கு அடியில் தேங்கியிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் கிளவுஸ் போட்ட கையை இடுப்புக்கு அடியில் விட்டுப் பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் முதுகு வலி, விலாவுக்குக் கீழே வலி என்று சொல்லி பிபியும் இறங்கினால், வயிற்றுக்குப் பின்னால் ரத்தம் தேங்குகிறதோ என்று சந்தேகப்பட்டு உடனே கூப்பிடுங்கள்.

இதயச் செயலிழப்பு: எடையும் தண்ணீர்க் கணக்கும்

இந்தப் பகுதியைத்தான் நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் முதல் வருடத்தில் ஒரு அம்மா, இதயச் செயலிழப்போடு சேர்ந்து, தேறி வந்துகொண்டிருந்தார். காலை எடை பார்ப்பது என் வேலை. ஞாயிறு 51.2, திங்கள் 51.9, செவ்வாய் 52.8. மூன்று நாளும் நான்தான் பார்த்தேன், என் கையெழுத்தில்தான் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. எழுதியாயிற்று, டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். செவ்வாய் ராத்திரி அந்த அம்மா மூச்சுக்குத் தவித்து, வாயில் நுரையோடு இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவான ஐசிசியுவுக்குப் போனார். பிழைத்து வந்தார். ஆனால் திரும்பி வந்த அன்று சார்ட்டில் அந்த மூன்று எண்களையும் பார்த்து நான் அழுத அழுகை இன்றும் நினைவிருக்கிறது. மூன்று நாளில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். உடம்பில் சதை அப்படி ஏறாது. ஏறியது தண்ணீர், ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர்.

எடை பார்க்கும் முறை இதுதான். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே மெஷின், அதே அளவு துணி. மெஷின் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சமமான தரையில் வைத்து, செருப்பில்லாமல் நிற்கச் சொல்லுங்கள். பழைய எடையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது மூன்று நாளில் இரண்டு கிலோவை நெருங்குகிறது என்றால் எழுதுவதோடு நிறுத்தாமல் வாயால் சொல்லுங்கள்.

உட்கொண்டதும் வெளியேறியதும் எழுதும் ஐ.ஓ. சார்ட் நம் வார்டுகளில் அடிக்கடி கற்பனையாகிவிடுகிறது. வார்டில் நோயாளி குடிக்கும் டம்ளரை ஒருநாள் அளந்து பாருங்கள். 150 மில்லியா 200 மில்லியா என்று தெரியாமல் எழுதும் கணக்கு கணக்கே இல்லை. காபி, கஞ்சி, ரசம், மோர், மாத்திரை போடக் குடித்த தண்ணீர், ஐ.வி. மருந்து கலந்த திரவம் எல்லாம் சேரும். கூட இருக்கும் உறவினரிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, டம்ளருக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். திட்டாமல் சொன்னால் மிக அக்கறையாகச் செய்வார்கள். கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். வாய் வறண்டு தவித்தால் ஐஸ் துண்டு, வாய் கொப்பளிப்பது உதவும். வெளியே போவதில், மணிக்கு கிலோவுக்கு அரை மில்லிக்குக் கீழே சிறுநீர் இறங்கினால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மில்லிக்கும் குறைவாக இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், சொல்லுங்கள்.

திடீரென்று மூச்சுத் திணறி, இளஞ்சிவப்பு நுரை வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, முடிந்தால் காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டு, ஆக்சிஜன் போட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ், ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின், முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் மெஷின் மூன்றையும் தயாராக எடுத்து வையுங்கள். அந்த நேரத்தில் கையைப் பிடித்து, "இருக்கேன்மா, இங்கேயே இருக்கேன்" என்று சொல்லுங்கள். மூச்சு கிடைக்காத பயம் இதயத்தை இன்னும் ஓட வைக்கும்.

மலச்சிக்கலையும் கேட்க மறக்காதீர்கள். முக்குவது இவர்களுக்கு நல்லதல்ல. கட்டிலில் பெட்பேன் வைத்துச் சிரமப்படுவதைவிட, நிலை சீராக இருந்தால் கட்டிலருகே கமோடு நாற்காலி எளிது.

மருந்து கொடுக்கும்போது

லாசிக்ஸ் ஊசியை மெதுவாகப் போடுங்கள், 40 மி.கி. என்றால் குறைந்தது இரண்டு நிமிடம். பெரிய டோஸை வேகமாகத் தள்ளினால் காது இரையும், கேட்கும் திறன்கூடப் பாதிக்கும். போடுவதற்கு முன் பிபியும் பொட்டாசியமும் பாருங்கள். இரண்டாவது டோஸை மாலை நான்கு மணி வாக்கில் வைத்தால் ராத்திரி தூங்குவார். இல்லையென்றால் இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து விழுவார்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். கலந்து, நன்றாகக் குலுக்கி, பம்ப்பில்தான் ஓட வேண்டும். கை நரம்பு வழியாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் என்பது பொதுவான வரம்பு. கலக்கும்போது இன்னொரு சிஸ்டரை அழைத்து இரண்டு பேரும் பாருங்கள்; அவசரம் என்று யார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டிகாக்சின் கொடுக்கும் முன் நெஞ்சில் ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60க்குக் கீழே என்றால் நிறுத்தி வைத்துச் சொல்லுங்கள். சாப்பாடு வெறுப்பது, வாந்தி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது நச்சுத்தன்மையின் அடையாளம். பொட்டாசியம் குறைந்தால் அது சீக்கிரம் வரும். நம்மிடம் பலருக்கு வாரத்தில் ஐந்து நாள் மட்டும் என்று எழுதுவார்கள். எந்த இரண்டு நாள் கிடையாது என்று சார்ட்டில் தெளிவாக இருக்க வேண்டும். மெட்டோப்ரோலால் போன்றவற்றை நோயாளியே திடீரென்று நிறுத்தக் கூடாது. ராமிப்ரில் எடுப்பவருக்கு வறட்டு இருமல் வந்தால் சளி மருந்து தேடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உதடு, நாக்கு வீங்கினால் அது அவசரம்.

எனாக்ஸபாரின் ஊசியைத் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலை மடித்துப் பிடித்துப் போட வேண்டும். முழு டோஸ் நிரப்பி வரும் சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம்.

செயற்கை வால்வு பொருத்தியவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் பெரும்பாலும் காரணம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு பலருக்கு எட்டும் விலையில் கிடைத்தது. உலோக வால்வு உள்ளவர் அருகே அமைதியான ராத்திரியில் நின்றால் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் மங்கிவிட்டது என்று நோயாளி சொன்னாலும் சரி, உங்களுக்கே தோன்றினாலும் சரி, உடனே சொல்லுங்கள். வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கும்போது அப்படி ஆகும். இவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரினை தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண்ணைப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைப்பார்கள். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. மாத்திரை பல அளவுகளில் வருவதால் பட்டையில் உள்ள மில்லிகிராமைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

டாக்டரைக் கூப்பிடும்போது

"டாக்டர், ஆறாம் கட்டில் ஒரு மாதிரி இருக்கார், வந்து பாருங்க" என்றால் யாரும் ஓடி வர மாட்டார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"டாக்டர், ஐசிசியு ஆறாம் கட்டில், 58 வயது, நேற்று முன்சுவர் மாரடைப்பு, ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டது. 20 நிமிடமாக மூச்சு வாங்குகிறது. இப்போது பிபி 130/90, நாடி 124, மூச்சு 32, ஆக்சிஜன் 88. ஒரு மணி நேரம் முன்னால் நாடி 96, ஆக்சிஜன் 95. இரண்டு பக்கமும் அடியில் கரகரப்பு கேட்கிறது. நிமிர்த்தி உட்கார வைத்து ஆக்சிஜன் போட்டிருக்கிறேன். நீங்கள் உடனே வர வேண்டும்."

முந்தைய எண்ணையும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். வரவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள், இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அடுத்த நிலை டாக்டரைக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். புதியவள், தப்பாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். தப்பாகக் கூப்பிட்டதற்கு ஒரு திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளலாம்.

கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சும் இல்லை, நாடியும் இல்லை என்றால் பேச்சே கிடையாது: உரக்கக் குரல் கொடுத்து அழுத்த ஆரம்பியுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவரை மாற்றுங்கள். டிஃபிப்ரிலேட்டர் வந்தவுடன் ரிதம் பார்க்க வேண்டும். ஷாக் தேவைப்படும் ரிதமில் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் உயிரைக் குறைக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

டிஸ்சார்ஜ் அன்று மொத்தமாகச் சொல்லாமல், மூன்று நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். சமைப்பவர் யாரோ அவரை உட்கார வைத்துச் சொல்லுங்கள். "உப்பைக் குறையுங்க" என்றால் சோற்றில் போடும் உப்பை மட்டும் நிறுத்திவிட்டு ஊறுகாய் தொட்டுக்கொள்வார்கள். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் மிக்சர் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, குழம்பு பொரியல் எல்லாம் சேர்த்து. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி சேர்த்தால் உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

இளநீர் நல்லதுதானே என்று எல்லோரும் கேட்பார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில் எடுப்பவர்களும் சிறுநீரகம் பலவீனமானவர்களும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது. அசிட்ரோம் எடுப்பவர் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். மாதம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று நான்கு நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டால்தான் ஐஎன்ஆர் இறங்கும்.

முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். அவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், அசிட்ரோமோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும். நன்றாக இருந்தவர் மறுபடி மூச்சிரைப்போடு வந்தால், நான் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். மாத்திரைகளைக் கட்டிலில் பரப்பி, காலையில் எது, ராத்திரி எது என்று அவரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். என்ன ஆனால் 108க்குக் கூப்பிட வேண்டும் என்று அவர் வாயால் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மாத்திரைக் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள்.

எடை எழுத நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். வீட்டில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்கும். அதே கட்டத்தில், பால் கணக்குக்குக் கீழே, அன்றைய காலை எடையையும் எழுதச் சொல்லுங்கள். இன்றைய எடையை முதல் எண்ணாக நீங்களே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள். ரிவ்யூவுக்கு வரும்போது அந்தக் காலண்டர் தாளையே கிழித்து மடித்து, பையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.